பதினான்கு பலகைகளின் எடை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் நான் எழுதப்போவது என் அக்காவைப் பற்றி. அவளைக் குறைத்து யாராவது ஒரு வார்த்தை பேசினால் எனக்குக் கண்மண் தெரியாது. அப்படிப்பட்ட நானே அவள் தலையில் கல்லைத் தூக்கிப் போட்ட கதை இது.

நான் வேன் ஓட்டுகிறேன். ஊர் பார்க்க வருகிறவர்களை விமான நிலையத்தில் ஏற்றி, விடுதியில் இறக்கி, கேட்கிற கடைகளுக்கெல்லாம் கூட்டிப்போவது என் வேலை. அக்கா கிதார் செய்கிறாள். வருஷத்துக்கு ஒன்பது அல்லது பத்து, அதற்கு மேல் செய்யமாட்டாள். முதுகும் பக்கங்களும் பலா, கழுத்து வேங்கை, மேல்பலகை மலைவேம்பு. எல்லாம் இந்த மண்ணில் முளைத்த மரம். வெளியிலிருந்து வருவது தந்தியும் அதை முறுக்குகிற சாவிகளும் மட்டும்தான்.

பயணிகளில் கிதார்ப் பைத்தியங்கள் தனி ரகம். வண்டியில் ஏறியதுமே, உள்ளூரில் செய்த கிதார் எங்கே கிடைக்கும், உள்ளூர் மரம் எங்கே கிடைக்கும் என்று ஆரம்பிப்பார்கள். போகிற வழியில் எதைக் கண்டாலும் தட்டிப் பார்ப்பார்கள். ஒருத்தர் விடுதியின் வரவேற்பு மேஜையைக் காதை வைத்துத் தட்டியதில், உள்ளே யாரோ மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று அங்கிருந்த பெண் பயந்துபோனாள். அவர்களை எனக்குப் பிடிக்கும். ஆனால் அவர்கள் எல்லோரும் முதலில் போவது கடைவீதியில் இருக்கிற பெரிய வாத்தியக் கடைக்குத்தான்.

அந்தக் கடைக்காரருக்கு நான் வைத்த பெயர் சீமைப்பலகை. நல்ல மனுஷன்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். வாங்க, உட்காருங்க என்று டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு, உள்ளூர் மரம் குளிர் நாட்டுக்குப் போனால் பிளந்துவிடும், அதனால் வெளிநாட்டுப் பலகையில் செய்ததையே வாங்குங்கள் என்று தேனொழுகச் சொல்வார். அக்காவிடமும் இரண்டு முறை வந்து கேட்டிருக்கிறார். என் பலகையில் செய்து கொடு, நீ செய்கிற அத்தனையையும் நான் விற்றுத்தருகிறேன் என்றார். பலாவை விட்டால் நான் வெறும் தச்சுவேலைக்காரிதான் என்று அக்கா முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பிவிட்டாள்.

அவள் அப்படித்தான். வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. பதினொரு வருஷம் ஒரு மரச்சாமான் பட்டறையில் வேலை பார்த்தாள். பொம்பளைகளுக்கு உளி எதற்கு, உப்புத்தாளும் பாலிஷும் போதும் என்று முதலாளி அவளைப் பாலிஷ் பிரிவிலேயே உட்காரவைத்தார். ஒருநாள் கழுத்து முறிந்த கிதார் ஒன்றை யாரோ ஒட்டித்தரச் சொல்லிக் கொண்டுவந்தார்கள். ஆண்கள் யாரும் அதில் கைவைக்கவில்லை. அக்கா வீட்டுக்குத் தூக்கிவந்து, கத்தியைச் சூடுபண்ணி மேல்பலகையைப் பிரித்து, உள்ளே இருந்த ஒவ்வொரு சட்டத்தையும் பழைய காலண்டர் தாளின் பின்புறத்தில் அளவெடுத்து வரைந்தாள். கிதாரை ஒட்டிக் கொடுத்த மறுநாளே வேலையை விட்டுவிட்டாள். அவள் முதலில் செய்த கிதார் தகர டப்பா மாதிரி சத்தம் போட்டது. அதை அவள் தூக்கிப் போடவில்லை. அதன் ஓட்டை வழியாகத் துணி மாட்டுகிற கிளிப்புகளைப் போட்டுவைத்திருக்கிறாள், இன்றைக்கும்.

மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், தபால் பிரிக்கிற வேலையில் இருக்கிறார். அவருக்குச் சுருதியும் தெரியாது, தாளமும் தெரியாது. புதுக் கிதாரைக் கையில் கொடுத்தால் முதலில் நுகர்ந்து பார்ப்பார். பட்டறை அவர்கள் வீட்டின் பின்னறை. இரண்டு ஜன்னல், ஒரு நீள மேஜை, சுவர் நிறையக் கிளாம்புகள், பக்கப்பலகையை வளைப்பதற்குச் சூடேற்றுகிற ஓர் இரும்புக் குழாய். ஓரமாக, இடையிடையே குச்சி வைத்து அடுக்கிய பலாப் பலகைகள். அந்தப் பலகைகளில்தான் என் பங்கு வருகிறது.

மரம் காய்ந்துவிட்டதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது என்பது அக்காவின் கட்சி. தட்டிச் சொல்கிறேன், முகர்ந்து சொல்கிறேன் என்கிறவர்களை அவள் நம்பமாட்டாள். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு பலகையையும் தராசில் வைத்து, கிராம் கணக்கில் அதன் நுனியில் பென்சிலால் எழுதவேண்டும். ஈரம் போகப்போக எடை குறைந்துகொண்டே வரும். மூன்று மாதம் சேர்ந்தாற்போல் ஒரே எடை நின்றால்தான் அந்தப் பலகையில் உளி படும். அப்படி நின்றதை மறுபடி எடை போடுவதில்லை. கிதாருக்காக அறுக்கும்போது எண் எழுதின நுனித்துண்டை வெட்டி, பின்னால் வாங்கினவர் பெயரை எழுதி, சுவரில் ஒரு கம்பியில் கோத்துவிடுவாள். அவள் செய்த ஒவ்வொரு கிதாரின் ஜாதகமும் அந்தக் கம்பியில் தொங்குகிறது. எடை போடுகிற வேலை என்னுடையது. நான் கேட்டு வாங்கிக்கொண்ட வேலை.

பல் டாக்டர் அம்மா இந்தக் கதைக்குள் வருவது மூன்று வருஷத்துக்கு முன்னால். குளிர் நாட்டில் பல் பிடுங்குகிறவர், நம் மொழி பேசுகிற குடும்பம்தான். எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர் மரத்தில் அந்த ஊர்க்காரர் செய்த கிதாரைத் தேடி வாங்குவது அவருடைய பழக்கம். சீமைப்பலகை கடையில் அரைமணி நேரம் டீ குடித்துவிட்டு, இதெல்லாம் எங்க ஊர்லயே கிடைக்குமே என்று எழுந்துவந்தவர் அவர் ஒருத்தர்தான். அக்காவின் பலாக் கிதாரை மடியில் வைத்து வாசித்துப் பார்த்தவர், இறக்கி வைக்காமலே வண்டியில் ஏறினார்.

போன வருஷம் அவர் திரும்ப வந்தார். விமான நிலையத்தில் என்னைப் பார்த்ததும் சிரிக்கவில்லை. பெட்டியைத் திறந்து கிதாரைத் திருப்பிக் காட்டினார். முதுகில், மேலிருந்து இடுப்பு வரைக்கும் ஒரு வெடிப்பு. விரல் நகம் உள்ளே போகிற அளவு.

அவரோடு சேர்ந்து வாசிக்கிற எட்டுப் பேர் ஆளுக்கொரு பலாக் கிதார் வேண்டும் என்று கேட்டிருந்தார்களாம். வெடித்ததைப் பார்த்ததும் எட்டுப் பேரும் பின்வாங்கிவிட்டார்கள். அவருக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான், வெடித்தது மரத்தின் குணமா இல்லையா. அக்காவிடம் போவதற்கு முன்னால் வேறொருவர் வாயிலிருந்தும் கேட்கவேண்டும் என்று, என்னைப் பெரிய கடைக்கு விடச் சொன்னார். அது நியாயம்தான். ஆனால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சீமைப்பலகை வெடிப்பைத் தடவிப் பார்த்தார். பலாதானே என்று கேட்டார். பலா பிளக்கத்தான் செய்யும், உங்க ஊர் ஹீட்டர் காத்துக்குத் தாங்காது, நான் அன்னைக்கே சொன்னேனே என்றார். அவ்வளவுதான். நான் நடுக்கடையில் நின்று கத்தினேன். என்னென்ன கத்தினேன் என்று முழுதாக நினைவில்லை. பலாவைப் பற்றி உமக்கு என்னய்யா தெரியும், எங்கள் அக்கா எடை போடாமல் ஒரு சிராய்கூட எடுக்கமாட்டாள், வந்து கம்பியைப் பாரும் என்று சவால் விட்டது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. மனுஷன் கோபப்படவில்லை. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, வா போய்ப் பார்த்துவிடலாம் என்று என் வேனிலேயே ஏறி உட்கார்ந்தார்.

அக்கா உளியைத் தீட்டிக்கொண்டிருந்தாள். கிதாரைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாங்கினாள். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெடிப்பின் ஓரத்தை நகத்தால் தொட்டாள். பிறகு கம்பியிடம் போய் நுனித்துண்டுகளைத் தள்ளித் தள்ளி, பல் டாக்டர் பெயர் எழுதியதைக் கழற்றிக்கொண்டு வந்தாள். எங்கள் எல்லோருக்கும் தெரியும்படி மேஜைமேல் வைத்தாள். 812, 774, 751, 740, 740, 740.

நான் அந்த எண்களைப் பார்த்தேன். என் கையெழுத்து. கடைசி இரண்டு 740 மட்டும் கொஞ்சம் சாய்ந்து, அவசரமாக எழுதினாற்போல் இருந்தது. அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது, அதுவரைக்கும் சத்தியமாக மறந்திருந்தேன். மழைக்காலம். தராசின் பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. விமான நிலையத்தில் ஆட்கள் காத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பேட்டரிக் கடை பூட்டியிருந்தது. ஒரு மாதத்தில் என்ன ஆகிவிடும் என்று போன மாதத்து எண்ணையே பார்த்துப் பார்த்துப் பதினான்கு பலகையிலும் எழுதிவிட்டு ஓடிவிட்டேன். அடுத்த மாதமும் பேட்டரி வாங்கவில்லை. போன மாதம் யாருக்கும் எதுவும் ஆகவில்லையே என்று அதே எண்ணை இன்னொரு தடவை எழுதினேன். பேட்டரி வாங்கி வருவதற்குள் அக்கா, மூன்று எடை நின்றுவிட்டது என்று பலகைகளை எடுத்து அறுத்துவிட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. அதனால் நானும் மறந்துபோனேன்.

அக்கா துண்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். "மூணு மாசம் நின்ன பலகைதான். காய்ஞ்ச பிறகுதான் எடுத்திருக்கேன்" என்றாள். வெடிப்பில் மறுபடி விரலை வைத்து, "காய்ஞ்சும் வெடிச்சிருக்கு" என்றாள்.

சீமைப்பலகை இப்போதும் குத்திப் பேசவில்லை. மரத்தின் குணத்துக்கு நீ என்னம்மா பண்ணுவே, இனியாவது என் பலகையை எடுத்துக்கோ என்று மெதுவாகச் சொன்னார். பல் டாக்டர் அம்மா கிதார்ப் பெட்டியின் பூட்டைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். அக்கா நிமிர்ந்து, இந்தக் கிதாரைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், வேறு செய்து தருகிறேன், அதுவும் பலாவில்தான் செய்வேன், வேண்டாம் என்றால் போங்கள் என்றாள். அவளா விட்டுக்கொடுப்பாள்! ஆனால் அதோடு நிறுத்தவில்லை.

"பலாவ நான் விடமாட்டேன். ஆனா இது ஏன் வெடிச்சதுன்னு எனக்குத் தெரியல."

தெரியல என்ற வார்த்தையை மரத்தைப் பற்றிய பேச்சில் அக்கா சொல்லி நான் கேட்டதில்லை. அவள் குரல் இறங்கிப்போயிருந்தது. தன் கைமேல் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. பதினொரு வருஷம் உப்புத்தாளோடு உட்காரவைத்தவனால் செய்யமுடியாததை நான் இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் செய்துவிட்டேன். நடுக்கடையில் அவ்வளவு கத்தின எனக்கே, பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. உண்மையைச் சொல்கிறேன், தோன்றியது. யாருக்கும் தெரியப்போவதில்லை.

"அக்கா, கடைசி ரெண்டு எடையும் பொய்" என்றேன்.

"என்னடா சொல்ற?"

"நான் எடை போடல. தராசுல பேட்டரி இல்ல. முந்தின நம்பரப் பாத்து எழுதிட்டேன். ரெண்டு தடவையும்."

என்னை அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் "எத்தன பலகை?" என்று மட்டும் கேட்டாள். பதினான்கு என்றேன். ஒரு கிதாருக்கு நான்கு பலகை, முதுகுக்கு இரண்டு, பக்கங்களுக்கு இரண்டு. அப்படியானால் மூன்று கிதார், மிச்சம் இரண்டு பலகை என்று அவளே கணக்குச் சொன்னாள். அடுக்கின் அடியில் கையை விட்டு அந்த இரண்டையும் தேடி எடுத்தாள். தராசை மேஜைமேல் வைத்தாள்.

சீமைப்பலகைக்குச் சங்கடமாகிவிட்டது. அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார், அதில்தான் எனக்கு எரிச்சல். "விடும்மா, இது வீட்டு விஷயம். குளிர் ஒத்துக்கலைன்னு சொல்லிட்டா முடிஞ்சுது. எல்லாரும் அதத்தான் நம்பறாங்க. யாரு வந்து கேக்கப் போறா?"

"நான் கேப்பேன்" என்றாள் அக்கா. "என் தம்பி பண்ணின தப்ப மரத்து தலையில கட்டிட்டு நான் தொழில் பண்ணணுமா? அது முடியாதுங்க. உங்க முன்னாலயே எடை போடறேன், இருந்து பாத்துட்டுப் போங்க."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ போடு. சத்தமாச் சொல்லு."

நான் போட்டேன். முதல் பலகையின் நுனியில் என் கையால் எழுதிய பொய் எண் 766. தராசு 729 காட்டியது. சொன்னேன். இரண்டாவது பலகையில் எழுதியிருந்தது 758, தராசில் 724. அதையும் சொன்னேன். காய்ந்துவிட்டது என்று நான் எழுதிக்கொடுத்த பிறகும் ஒவ்வொரு பலகையிலும் முப்பது கிராமுக்கு மேல் தண்ணீர் இருந்திருக்கிறது. அதன் பிறகு அக்கா வேறோர் அடுக்கிலிருந்து, பேட்டரி இருந்த காலத்தில் எடை நின்ற பலகை ஒன்றை எடுத்து நீட்டினாள். எழுதியிருந்தது 702. தராசில் 703. ஒரு கிராம் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போவது காற்றில் இருக்கிற ஈரம் என்று அக்கா சொன்னாள். ஈரப் பலகையைக் கொண்டுபோய் உள்சட்டத்தோடு ஒட்டிவிட்டு ஹீட்டர் போட்ட வீட்டில் வைத்தால், பலகை சுருங்கப் பார்க்கும், சட்டம் விடாது, எந்த நாட்டு மரமாக இருந்தாலும் வெடிக்கும் என்றாள். உங்கள் பலகையும் வெடிக்கும் என்று சீமைப்பலகையைப் பார்த்துச் சொன்னாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு அதைப் பார்த்துச் சந்தோஷப்படக்கூட யோக்கியதை இல்லை.

பல் டாக்டர் அம்மா அந்த இரண்டு பலகையையும் தூக்கித் தட்டிப் பார்த்தார். ஊருக்கு எடுத்துப்போகிறேன், விலை சொல்லுங்கள் என்றார். விற்கமாட்டேன் என்றாள் அக்கா. இப்போது இரண்டும் நன்றாகக் காய்ந்திருக்கின்றன, உங்கள் கிதாரின் முதுகைப் பிரித்துவிட்டு இந்த இரண்டையும் வைத்தே புது முதுகு போட்டுத்தருகிறேன், அதே மரத்தின் துண்டு அதே குளிரில் என்ன செய்கிறது என்று பாருங்கள் என்றாள். அவர் பலகைகளை மேஜைமேல் வைத்தார். எட்டுப் பேருக்கு நான் இப்போது வாக்குக் கொடுக்கமுடியாது, ஒரு குளிர்காலம் தாண்டட்டும் என்று சொல்லிக் கிதாரை விட்டுப்போனார். அக்கா தலையாட்டினாள். கெஞ்சவில்லை.

மற்ற இரண்டு கிதாரை வாங்கினவர்களுக்கு அன்றைக்கே கடிதம் எழுதினாள். உங்கள் கிதாரில் ஈரப் பலகை இருக்கிறது, தப்பு என் பட்டறையுடையது, திருப்பி அனுப்பினால் சரிசெய்து தருகிறேன் என்று இரண்டே வரி. மாமா அதைக் கையில் வாங்கி, இது போகவேண்டிய பைக்குள் நானே போடுகிறேன் என்றார். அந்தக் கிதார்களில் ஒன்று கடலோரத்து ஊரில் இருந்தது. வேனை எடுத்துக்கொண்டு நானே போய் வாங்கிவந்தேன். அங்கே காற்றில் ஈரம் அதிகம், அதனால் அது வெடிக்கவில்லை. இருந்தாலும் அக்கா முதுகைப் பிரித்து மாற்றிப்போட்டாள். இன்னொருவரிடமிருந்து பதில் வரவில்லை. மாதாமாதம் எடை போடுகிற ஞாயிற்றுக்கிழமையில் அவருக்கும் ஒரு கடிதம் போகிறது.

அக்கா என்னோடு இரண்டு வாரம் பேசவில்லை. எடை போடுகிற வேலையைப் பிடுங்கிவிடுவாள் என்று பயந்தேன். அடுத்த முதல் ஞாயிறு நான் வாசலில் தயங்கி நின்றபோது, தராசை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனாள். பக்கத்தில் ஒரு பெட்டி நிறையப் பேட்டரி இருந்தது.

பல் டாக்டர் அம்மாவின் கிதார் புது முதுகோடு புறப்பட்டுப் போனது. அவர் ஊரில் பனி விழத்தொடங்கிய நாளிலிருந்து நான் ஒரு மார்க்கமாகத்தான் இருந்தேன். அந்த நாட்டுக் குளிர் எத்தனை டிகிரி என்று போனில் பார்ப்பதும், பார்த்துவிட்டு யாரிடமாவது எரிந்து விழுவதுமாக நாட்கள் போயின. அக்கா ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. பனிக்காலம் முடிந்து பட்டறைக்கு ஒரு படம் வந்தது. கிதாரின் முதுகு, கோடு இல்லை, கீறல் இல்லை. கீழே அவர் எழுதியிருந்தார்: எட்டுப் பேரும் கேட்கிறார்கள். எட்டும் பலா. அக்கா படித்துவிட்டு, வருஷத்துக்குப் பத்துதான், எட்டுப் பேரும் காத்திருக்கவேண்டும் என்று பதில் எழுதச் சொன்னாள்.

சீமைப்பலகை இன்னும் டீ வரவழைத்துக் கொடுத்து, பலா பிளக்கும் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லட்டும். அந்தக் கடையிலிருந்து வருகிறவர்களை நான் நேராகப் பட்டறைக்குக் கூட்டிவருகிறேன். கம்பியில் முதலாவதாக, எல்லோர் கண்ணிலும் படும்படி அக்கா அந்த நுனித்துண்டைத் தொங்கவிட்டிருக்கிறாள். கடைசி இரண்டு 740-ஐ அவள் அழிக்கவும் இல்லை, அடிக்கவும் இல்லை. அதன் கீழே என்னை எழுதச் சொன்னாள், நான் எழுதினேன்: எடை போடவில்லை. வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு, இது என்ன, யார் எழுதினது என்று கேட்பார்கள். அக்கா உளியிலிருந்து கண்ணை எடுக்காமல் என்னைக் கைகாட்டுவாள்.

நான் முன்னால் வந்து நிற்பேன். "நான்தாங்க. வெடிச்சதுக்குக் காரணம் நான். மரத்த ஒரு வார்த்த சொல்லாதீங்க."